‘போன் போட்டுக் கேட்டுட்டு அனுப்புறேன்’: வாசகர் கேள்வி பதில்

திருப்பூர், அவினாசி, பல்லடம் பக்கம் 18 வருடமாகக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கும் பார்த்துக் கொடுக்கிறேன். ஆன்லைன் மோசடி பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்குக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் பனியன் கம்பெனிக்கு நிட்டிங் மெஷின் உதிரிபாகங்கள் தைவானிலிருந்து வரும். போன மாதம் அந்த சப்ளையரிடமிருந்து மெயில்: “எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை மட்டும் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்.” நாங்கள் பேசிய பழைய மெயில்களெல்லாம் அதன் கீழேயே இருந்தன. நம்பி 9,400 டாலர் அனுப்பிவிட்டேன். முதலாளி என்னைத்தான் குறை சொல்கிறார். நான் எங்கே தவறினேன்?
– பெண் கணக்காளர், திருப்பூர்

நீங்கள் இணைத்திருந்த பிரிண்ட்-அவுட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், சகோதரி. பழைய மெயில்களில் சப்ளையர் முகவரியின் நடுவில் ‘எம்’ இருக்கிறது. கடைசி மெயிலில் அதே இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்று இரண்டு எழுத்துகள் ஒட்டி நிற்கின்றன. சின்ன ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுநாள் சம்பள சனிக்கிழமை, பக்கத்தில் பீஸ்ரேட் கணக்கு குவிந்து கிடக்கும்போது அதை யார் கண்டுபிடிப்பார்? நான் இருந்தாலும் விட்டிருப்பேன்.

பழைய மெயில்கள் மோசடிக்காரன் கையில் இருந்ததுதான் எனக்குக் கவலை. அப்படியென்றால் உங்கள் மெயில் பெட்டியிலோ சப்ளையரின் மெயில் பெட்டியிலோ அவன் பல நாட்களாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறான். உங்கள் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. மெயில் செட்டிங்கில் ‘ரூல்ஸ்’, ‘ஃபார்வர்டிங்’ இரண்டையும் திறந்து பாருங்கள். ‘இன்வாய்ஸ்’, ‘பேமென்ட்’ என்ற சொல் வரும் மெயிலையெல்லாம் வெளி முகவரிக்கு அனுப்பும்படி ஒரு ரூல் போட்டிருப்பார்கள். இல்லையென்றால், அவுட்லுக்கில் யாருமே திறக்காத ‘ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்’ ஃபோல்டருக்குள் தள்ளிவிடுவார்கள். அசல் சப்ளையர் “பணம் இன்னும் வரவில்லையே” என்று கேட்டு அனுப்பும் மெயில் உங்கள் கண்ணிலேயே படாது. அந்த ரூலை அழிக்கும் முன் படம் எடுத்து வையுங்கள், புகாருக்கு வேண்டும். எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்-அவுட் செய்துவிட்டு, டூ-ஸ்டெப் (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் வசதி) போடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரு மாதம் ஆகிவிட்டது என்று விடாதீர்கள். பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கையை எதிர் வங்கிக்கு அனுப்பும்படி உங்கள் வங்கியின் ஃபாரெக்ஸ் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணிலும் தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் கொடுங்கள். உள்நாட்டுக் கணக்குக்குப் போன பணமாக இருந்தால் 1930-க்கு அரை மணி முன்னால் சொல்வதுகூடப் பெரிய வித்தியாசம். அடுத்தவன் எடுப்பதற்குள் அந்தக் கணக்கில் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போனது கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன்.

உங்கள் முதலாளியும் இதைப் படிக்க வேண்டும். 2021-இல் நான் வேலை பார்க்கும் ஒரு கம்பெனிக்கு இதே மாதிரி மெயில் வந்தது. கணக்குப் பார்த்த பெண்ணுக்கு வயது 23. “தைவான் கம்பெனிக்கு எதுக்குண்ணா போர்ச்சுகல்ல அக்கவுண்ட்?” என்று என்னிடம் கேட்டாள். பழைய இன்வாய்ஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள், மெயிலில் இருந்த நம்பருக்கு அல்ல. முதலாளி அப்போது மும்பையில் பையர் மீட்டிங்கில் இருந்தார். ஏன் இன்னும் பணம் போகவில்லை என்று சத்தம் போட்டார். “போன் போட்டுக் கேட்டுட்டு அனுப்புறேன் சார்” என்று அவள் அசையாமல் நின்றாள். அன்று 22,000 டாலர் தப்பியது. அடுத்த வாரமே அவர் ஆபீஸ் சுவரில் எழுதி ஒட்டிவிட்டார்: கணக்கு எண் மாறினால், நானே சொன்னாலும், பழைய நம்பரில் பேசாமல் பணம் போகக் கூடாது. அவர் கையெழுத்தோடு. அந்தக் காகிதம் உங்கள் ஆபீஸில் இல்லை, சகோதரி. இதை உங்கள் ஒருவர் தவறாக என்னால் பார்க்க முடியவில்லை.

மஞ்சள் மண்டி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை வந்தால் டேலி திறக்கவில்லை. எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்துகள். பிட்காயினில் பணம் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாமா?
– வியாபாரி, ஈரோடு

கொடுக்காதீர்கள் ஐயா. கொடுத்தால் திறப்பான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 2017 ஜூனில் உக்ரைனில் தொடங்கிப் பரவிய நாட்பெட்யா என்ற வைரஸ் பணம் கேட்கிற மாதிரிதான் திரையில் காட்டியது. ஆனால் பணம் கட்டினாலும் திறக்க முடியாதபடியே அதை எழுதியிருந்தார்கள்.

முதலில் நெட்வொர்க் வயரையும் வைஃபையையும் துண்டியுங்கள். ஃபார்மேட் செய்ய வேண்டாம். பூட்டப்பட்ட ஃபைல்களையும் அவன் விட்டுப்போன குறிப்பையும் தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் சில வகைகளுக்கு இலவசமாகவே திறவுகோல் கிடைக்கும். உங்களுடையது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி இப்படி ஒன்று நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். நேரம் தாண்டியிருந்தாலும் இன்றே தெரிவியுங்கள்.

வீட்டிலிருந்து டேலி பார்ப்பதற்காக ரௌட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பை (வெளியிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) திறந்து வைத்திருந்தீர்களா? நான் போய்ப் பார்த்த இடங்களில் அதுதான் அதிகம் திறந்து கிடந்த கதவு. மூடிவிடுங்கள்.

பேக்கப் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு சாயப்பட்டறைக்கு நானே எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிக் கொடுத்து, தினமும் ராத்திரி பேக்கப் ஆகும்படி வைத்தேன். டிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரிலேயே சொருகியிருந்தது. இப்படி ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்த அன்று டேலியோடு சேர்த்து அந்த டிஸ்க்கையும் பூட்டிவிட்டது. இரண்டு வருடக் கணக்கை பில் கட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அடித்தார்கள். அந்த வீட்டு அம்மா இரவு பதினொரு மணிக்கு எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து எங்கே போனாலும் இரண்டு டிஸ்க் வாங்கச் சொல்கிறேன், ஒன்றில் சிவப்பு டேப், ஒன்றில் நீல டேப். வாரம் ஒன்றாக மாற்றுங்கள். கழற்றியது வீட்டு பீரோவில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் அந்த பேக்கப்பைத் திறந்து, கடைசி வவுச்சர் வரை தெரிகிறதா என்று பாருங்கள்.

பெரிய கம்பெனிக்கும் இதே கதைதான். அதே நாட்பெட்யாவில் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் மறுபடி நிறுவியது. அதன் நெட்வொர்க்கில் யார் யாருக்கு எங்கே அனுமதி என்ற பதிவை வைத்திருந்த டொமைன் கன்ட்ரோலர்களில் ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது. அது கானாவில் இருந்தது. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை.

பள்ளித் தாளாளர் படம் போட்ட புது வாட்ஸ்அப் நம்பரிலிருந்து, “மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, உடனே 5 கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்பு” என்று வந்தது. எப்படிச் சரிபார்ப்பது?
– அலுவலக உதவியாளர், தாராபுரம்

தாளாளரின் பழைய நம்பருக்குக் கூப்பிடுங்கள். எடுக்கவில்லையென்றால் காத்திருங்கள். அவசரத்துக்குக் கிஃப்ட் கார்டு கேட்கும் நிர்வாகம் எங்கும் கிடையாது.

எங்கள் மருத்துவமனையில் ஊழியர்களைச் சோதிக்கப் போலி மெயில் அனுப்பினோம். 11 பேர் க்ளிக் செய்தார்கள். பெயர்ப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் போடலாமா?
– நிர்வாகி, கோவை

தயவுசெய்து போடாதீர்கள். அடுத்த முறை நிஜமாகவே க்ளிக் செய்யும் நர்ஸ் வாயைத் திறக்க மாட்டார். உங்களுக்கு வேண்டியது அவர் அந்த நிமிடமே ஓடிவந்து சொல்வதுதான். 2022-இல் கிளவுட்ஃப்ளேர் ஊழியர்களின் போனுக்குப் போலி லாகின் மெசேஜ் வந்தது. இணையப் பாதுகாப்பையே தொழிலாகச் செய்யும் அந்தக் கம்பெனியில் 3 பேர் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் உள்ளே நுழைய முடியவில்லை. எல்லோரிடமும் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி இருந்தது, அது போலித் தளத்தில் வேலை செய்யாது. அந்த 3 பேரைக் கண்டிக்கவில்லை என்பதையும் கம்பெனியே வெளிப்படையாக எழுதியது.

பட்டியலுக்குப் பதிலாக, மெயில் சந்தேகமாக இருந்தால் கூப்பிட வேண்டிய எக்ஸ்டென்ஷன் நம்பரை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். நைட் ஷிஃப்டிலும் அதை யாராவது எடுக்க வேண்டும்.