அக்டோபர் கூட்டம் போன பிறகு சேலம்: கேள்வி பதில்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம், 1692 சூனிய வழக்குகளால் பெயர் கெட்டு, அந்தப் பெயரை வைத்தே இன்று பிழைக்கும் ஊர். நான் பக்கத்து ஊர்க்காரன். ஹாலோவீன் முடிந்த பிறகு அங்கே போவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சீசன் இல்லாதபோது போனால் எந்த மாதம் நல்லது? (நியூ ஜெர்சி வாசகர்)

என் ஓட்டு நவம்பர் முதல் பாதிக்கு. சுமார் 44,000 பேர் வாழும் ஊரில் அக்டோபர் ஒரு மாதத்தில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து போகிறார்கள். நவம்பர் பிறந்ததும் அந்தக் கூட்டம் சட்டென்று வடிந்துவிடும். கடைகள் திறந்திருக்கும், ஹோட்டல் வாடகையும் மனிதர்கள் கொடுக்கக்கூடிய அளவுக்கு இறங்கிவிடும். ஜனவரியில் ஊர் பாதி தூக்கத்தில் இருக்கும். சில இடங்கள் வார நாட்களில் திறப்பதில்லை, சில இடங்கள் பராமரிப்புக்காக வாரக்கணக்கில் மூடிவிடும். பிப்ரவரியில் காதலர் தினத்தை ஒட்டி ‘சேலம் சோ ஸ்வீட்’ என்று சாக்லேட்டும் பனிச் சிற்பங்களுமாக ஒரு சின்ன விழா உண்டு. குளிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ வாருங்கள். எந்த மாதமானாலும் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு இடத்தின் இணையதளத்திலும் நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

கார் இல்லை அண்ணா. பாஸ்டனில் படிக்கிறேன். சமாளிக்க முடியுமா?

தாராளமாக, தம்பி. கார் இல்லாததுதான் சௌகரியம். நார்த் ஸ்டேஷனில் நியூபரிபோர்ட்/ராக்போர்ட் ரயில் ஏறினால் அரை மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து எசெக்ஸ் தெருவுக்குப் பத்து நிமிட நடை, பார்க்க வேண்டிய பெரும்பாலானவை அதைச் சுற்றியே. படகில் போகலாம் என்று யாராவது சொன்னால் அது கோடைப் பேச்சு. குளிர்காலத்தில் படகு ஓடாது. செங்கல் நடைபாதையில் ஐஸ் கட்டினால் நன்றாக வழுக்கும், ஸ்னீக்கர்ஸ் வேண்டாம். டிசம்பரில் மாலை நாலேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதால் காலை ரயிலைப் பிடியுங்கள்.

1692-ஐச் சேர்ந்தது என்று உண்மையில் அங்கே என்ன மிச்சம் இருக்கிறது? எல்லாம் பொம்மைக் காட்சி என்கிறார்களே.

பாதி உண்மை. பெரிய விளம்பரத்தோடு நடப்பவற்றில் பல பொம்மைக் காட்சிகள்தான். வழக்கோடு நேரடித் தொடர்புள்ள கட்டடம் என்று சேலத்தில் இன்று நிற்பது ஒன்றே ஒன்று: ‘விட்ச் ஹவுஸ்’. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், சூனியக்காரி என்று யாரும் அங்கே வாழவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான ஜொனாதன் கார்வினின் வீடு அது.

நான் உங்களை முதலில் அழைத்துப் போக நினைப்பது சார்ட்டர் தெரு இடுகாட்டை ஒட்டி, அந்த வழக்குகளில் கொல்லப்பட்டவர்களுக்கு எழுப்பிய நினைவிடத்துக்கு. 1992-இல், முந்நூறாவது ஆண்டில் திறந்தது. மூன்று பக்கம் தாழ்வான கருங்கல் சுவர். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இருபது கல் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், எப்படிக் கொன்றார்கள், என்றைக்குக் கொன்றார்கள். நுழையும் இடத்தில் தரைக்கற்களைக் குனிந்து பாருங்கள். ‘நான் குற்றமற்றவள்’ என்ற பொருளில் அவர்கள் நீதிமன்றத்தில் சொன்ன வார்த்தைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வாக்கியங்கள் முடிவதற்குள் சுவர் அவற்றின் மேல் ஏறிவிடுகிறது. யாரும் காதில் வாங்கவில்லை என்பதைக் கல்லிலேயே சொல்லிவிட்டார்கள். அக்டோபரில் அந்தக் கற்கள் மேல் ஆயிரக்கணக்கான கால்கள், பலகைகளில் உட்கார்ந்து பீட்ஸா சாப்பிடுபவர்கள் வேறு. நவம்பரில் வாசித்து முடிக்கும்வரை யாரும் இடிக்க மாட்டார்கள்.

பக்கத்து இடுகாட்டில் அந்த இருபது பேரின் கல்லறையைத் தேடாதீர்கள், இல்லை. அங்கே இருப்பது நீதிபதி ஜான் ஹாதோர்னின் கல்லறை. எழுத்தாளர் நத்தானியல் ஹாதோர்ன் அவருடைய வம்சம்.

தூக்கிலிட்ட இடம் எது என்பது வெகுகாலம் குழப்பமாகவே இருந்தது. ப்ராக்டர்ஸ் லெட்ஜ் என்ற சின்னப் பாறைச் சரிவுதான் என்று 2016-இல் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். 2017-இல் அங்கேயும் நினைவிடம் வந்தது. ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால், வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. சத்தமில்லாமல் போய்விட்டு வாருங்கள்.

அவர்களை உயிரோடு எரித்தார்கள் இல்லையா?

இல்லை. ஒருவரைக்கூட எரிக்கவில்லை. அங்கே அப்போது இருந்த ஆங்கிலேயச் சட்டப்படி சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள், பதினான்கு பெண்கள், ஐந்து ஆண்கள். இருபதாவது ஆள் ஜைல்ஸ் கோரி, எண்பதைத் தொட்ட விவசாயி. விசாரணைக்கு உடன்பட மறுத்ததால் மேலே கற்களை அடுக்கி நசுக்கினார்கள். சிறையிலேயே குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். நான்கு வயதுக் குழந்தை ஒன்றையும் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள்.

‘அவள் உருவம் ராத்திரி வந்து என் கழுத்தை நெரித்தது’ என்று ஒரு சிறுமி சொன்னால் அது சாட்சி. அந்த உருவம் வேறு யார் கண்ணுக்கும் தெரிய வேண்டியதில்லை. ‘ஆமாம், நான் சூனியக்காரிதான்’ என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்கள் தூக்கு மேடை ஏறவில்லை, மறுத்தவர்கள் ஏறினார்கள். பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார்கள். 1692 அக்டோபரில் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் இந்த வழக்குகளுக்காகவே அமைத்த தனி நீதிமன்றத்தைக் கலைத்தார். 1697-இல் நீதிபதி சாமுவேல் சூவால் தேவாலயத்தில் எழுந்து நின்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தண்டனை பெற்றவர்களைக் குற்றமற்றவர்கள் என்று பின்னாளில் அறிவித்தபோது எலிசபெத் ஜான்சன் ஜூனியர் என்ற பெண்ணின் பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் முயற்சியால் 2022-இல்தான் அவருடைய தண்டனையை மாநிலம் ரத்து செய்தது.

ஏழு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போகலாமா? பயப்படுவானா?

இருட்டுக் காட்சிகளைத் தவிர்த்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. டெர்பி துறைமேடையில் ஓட விடுங்கள். கடலுக்குள் அரை மைல் நீளுகிறது, கடைசியில் 1871-இல் கட்டிய குட்டிக் கலங்கரை விளக்கம். காற்றுக்குக் காதை மூட மறக்காதீர்கள். பிறகு 1806 முதல் தொழில் நடத்தும் பழைய மிட்டாய்க் கடைக்குப் போனால் அவனுக்கு அன்றைய நாள் நிறைந்துவிடும். விட்ச் மியூசியம் வாசலில் அங்கியும் தொப்பியுமாக நிற்கும் சிலையைக் காட்டி ‘மந்திரவாதி’ என்பான். அவர் ரோஜர் கோனன்ட், 1626-இல் ஊரை நிறுவியவர்.

சூனியம் தவிர வேறு எதுவும் இல்லையா அந்த ஊரில்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். சேலத்தைப் பணக்கார ஊராக்கியது கப்பல். நன்னம்பிக்கை முனையையோ கேப் ஹார்னையோ சுற்றிவந்த மாலுமிகள் மட்டுமே சேரக்கூடிய சங்கம் ஒன்றை 1799-இல் இங்கே தொடங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்து குவித்த பொருட்களிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகம். சுமத்ராவின் மிளகு, கல்கத்தாவின் துணி, மதராஸின் கட்டம்போட்ட கைக்குட்டைகள் எல்லாம் சேலம் வணிகர்களின் சரக்கு. அமெரிக்க மண்ணில் முதலில் கால்வைத்த யானையை 1796-இல் வங்காளத்திலிருந்து கப்பலில் ஏற்றி வந்தவரும் ஒரு சேலம் கேப்டன்தான். சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்திய ஓவியங்களில் நல்ல தொகுப்பு ஒன்று அருங்காட்சியகத்தில் உண்டு, ஓவியர் எம்.எஃப். ஹுசேன் உட்பட. சீனாவிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிய இருநூறு வருட வீடும் உள்ளே இருக்கிறது. வெளியே பனி கொட்டினாலும் அரை நாள் தாராளமாகப் போகும்.

ஒன்று கவனியுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரைந்த நகர முத்திரையில் சூனியக்காரி கிடையாது. பனைமரம், கப்பல், கிழக்குத் தீவு உடையில் ஒரு மனிதர். போலீஸ்காரர் சட்டைப் பட்டையில் இருப்பதோ துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி!

அம்மா அப்பா சுத்த சைவம். சாப்பாடு?

சைவக் கடைகளும் உண்டு, பட்டினி கிடக்க மாட்டார்கள். சௌடர் சூப்பைப் பார்த்துப் பால் கஞ்சி என்று வாங்கிவிட வேண்டாம். அதில் சிப்பி, பல இடங்களில் பன்றி இறைச்சியும்.

டாரட் சீட்டு ஜோதிடம் பார்த்துக்கொள்ளலாமா?

பார்க்கலாம், வருடம் முழுக்க ஆள் உண்டு. காசு உங்களுடையது.

செத்தவர்கள் அப்பாவிகள் என்றால், அந்த ஊரில் சூனியக்காரித் தொப்பி விற்பது அசிங்கமாக இல்லையா?

எனக்கு உறுத்தும். 2005-இல் ஒரு பழைய டிவி தொடரின் சிரிக்கும் சூனியக்காரிக்கு நடு ஊரில் சிலை வைத்தபோது உள்ளூரிலேயே பலர் எதிர்த்தார்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. சூனியத்தைத் தங்கள் மதமாகவே கடைப்பிடிக்கும் விக்கா நம்பிக்கையாளர்கள் இன்று அங்கே நிம்மதியாக வாழ்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை.

உறுத்தல் இருப்பவர்களுக்கு டேன்வர்ஸ். சேலம் கிராமம் என்று அன்று அழைத்தது அந்த ஊரைத்தான். குற்றச்சாட்டுகள் கிளம்பியதும் அங்கேதான், சாமுவேல் பாரிஸ் பாதிரியார் வீட்டில். அந்த வீட்டின் அஸ்திவாரத்தை 1970-இல் தோண்டி எடுத்தார்கள், வீடுகளுக்குப் பின்னால் திறந்தவெளியில் கிடக்கிறது. தூக்கிலிட்டவர்களில் ஒருவரான ரெபெக்கா நர்ஸ் வாழ்ந்த வீடும் அதே ஊரில். எழுபது தாண்டிய பாட்டி. ஜூரி முதலில் நிரபராதி என்றது, பிறகு தீர்ப்பை மாற்றிக்கொண்டது. குளிர்காலத்தில் வீடு மூடியிருக்கும். தொப்பிக் கடை ஒன்றுகூடக் கண்ணில் படாது. இங்கே போக மட்டும் கார் வேண்டும்.

காரில் வருகிறோம், ஜனவரி சனிக்கிழமை. பார்க்கிங் கிடைக்குமா?

அக்டோபரில் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். ஜனவரியில் சுலபம். பனிப்புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் தெருவில் விடாதீர்கள், இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நகராட்சி கராஜில் விட்டுவிட்டு நடங்கள்.