‘அது சாணி மெழுகின தரையா?’

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கிறோம். மொரீஷியஸில் ஏறி கேப்டவுனில் இறங்கும் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். நான், கணவர், 12 வயது மகன், 9 வயது மகள், மாமியார் (71). வழியில் தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் ஒரே ஒரு பகல். காலை 8 மணிக்கு இறங்கி மாலை 6-க்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். கணவர் முழுநாளும் திறந்த ஜீப்பில் காண்டாமிருகம் பார்க்கலாம் என்கிறார். எனக்கும் மகளுக்கும் டுமாசூலு என்ற, ஜூலு இன மக்களின் கிராமத்தைப் பார்க்க ஆசை. இரண்டு வாரமாக இதே சண்டை. கப்பல்காரர்கள் கேட்கும் கட்டணம் அதிகம், வெளியே வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி என்பதால் அன்று அவர் கப்பலிலேயே ஓய்வெடுப்பதாக முடிவு. கிராமத்தின் படங்களைக் காட்டியபோதும் ‘அது சாணி மெழுகின தரையா?’ என்று மட்டும் கேட்டார், பெரிய ஆர்வம் காட்டவில்லை. சஃபாரியா, கிராமமா? சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிங்கப்பூர்

பதில்: அது கிடக்கட்டும். உங்கள் அத்தை கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள்? கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன், அது மட்டும் அதில் இல்லை.

ஆர்வம் காட்டவில்லையாம்! படத்தில் கேடயமும் ஈட்டியுமாக ஆடுகிறார்கள், பாசிமணி மின்னுகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மனுஷி தரையைப் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் குனிந்து மெழுகிய கை உள்ளவர்களுக்குத்தான் அங்கே கண் போகும். பிடிக்காதவர்கள் “நல்லாருக்கும்மா” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் அத்தை கேள்வி கேட்டார். தனக்கு ஆசை என்பதை அந்தத் தலைமுறைப் பெண்ணுக்கு இதற்கு மேல் சத்தமாகச் சொல்லத் தெரியாது.

அப்புறம், ‘கப்பலிலேயே ஓய்வெடுப்பதாக முடிவு’ என்று எழுதியிருக்கிறீர்களே, யார் எடுத்த முடிவு அது? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. இந்த ஆளில்லாத வாக்கியத்தை எத்தனையோ கடிதங்களில் பார்த்துவிட்டேன். ‘அம்மா ஊரிலேயே இருப்பதாக முடிவு’, ‘மாமா ரிசப்ஷனுக்கு வரவில்லை என்று முடிவு’. எடுத்தவர் பெயரைப் போட வாய் வராதபோதுதான் இப்படி எழுதுவோம். உங்களை மட்டும் சொல்லவில்லை. அவருடைய பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தார்? காண்டாமிருகத்துக்காக இரண்டு வாரம் வாதாடியவருக்கு, பெற்றவளுக்காக இரண்டு நிமிஷம் வாதாட முடியவில்லையா?

சரி, பதிலை நானே சொல்கிறேன், அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆமாம், பழைய முறைப்படி கட்டிய ஜூலு குடிலில் தரை சாணி மெழுகியதுதான். கறையான் புற்று மண்ணை இடித்துக் கெட்டித்து, மேலே சாணம் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். குடில் தேன்கூட்டைக் கவிழ்த்த மாதிரி முழுக்கப் புல்லால் வேய்ந்தது. உள்ளே வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். வாசலுக்கு எதிரே பின்சுவரை ஒட்டிய இடத்துக்கு ‘உம்சாமோ’ என்று பெயர். அது முன்னோர்களுக்கு உரிய மூலை, படையல் அங்கேதான் வைப்பார்கள். குடில்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க, நட்டநடுவில் மாட்டுத்தொழுவம். தானியம் சேமிக்கும் குழியைக்கூட அந்தத் தொழுவத்துக்கு அடியில்தான் தோண்டினார்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். அந்த ஊர் மரபில் மருமகள், மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. பெயரில் வருகிற ஒலிகூட வாயில் வரக் கூடாது. அந்த ஒலி வேறு சொல்லில் வந்தாலும் அதற்கு மாற்றுச் சொல் வைத்திருப்பார்கள். இதற்கு ‘ஹ்லோனிபா’ என்று பெயர். என் பாட்டி இருந்திருந்தால் அன்றைக்கே அவர்களோடு ஒட்டிக்கொண்டிருப்பார். தாத்தா பெயர் பழனி. அதனால் பாட்டிக்குக் கடைசிவரை பழனி கிடையாது, ‘மலைக்குப் போயிட்டு வந்தோம்’தான். உங்கள் அத்தையிடமும் இப்படி ஒரு கதை இருக்கும், கேட்டுப் பாருங்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் மாடு கொடுத்துக் கல்யாணம் பேசும் ‘லொபோலா’ வழக்கமும் அங்கே உண்டு. பத்து மாடு என்பது வழக்கமான கணக்கு, அதற்கு மேல் பதினோராவது மாடு பெண்ணின் தாய்க்கு. பெற்றவளுக்கென்று தனியாக ஒரு மாடு ஒதுக்கும் ஊருக்கு, பெற்றவளைக் கப்பலில் விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறீர்கள்.

உடனே காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. டிக்கெட்டை நான்கிலிருந்து ஐந்தாக்குங்கள், போதும்.

இப்போது உங்கள் கேள்வி. கிராமத்தை முதலில் வையுங்கள். துறைமுகத்திலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். வழியில் கரும்பும் யூக்கலிப்டஸும் நிறைய வரும். 1860-இலிருந்து மதராஸ் கப்பல்களில் கூலி ஒப்பந்தத்தில் போனவர்களின் கைபட்டு எழுந்தது அந்த நேட்டால் பகுதிக் கரும்பு, பிள்ளைகளுக்கு ஜன்னல் வழியாகக் காட்டுங்கள். டுமாசூலு ஹ்லுஹ்லுவே ஊருக்குப் பக்கம், ஹ்லுஹ்லுவே–இம்ஃபொலோசி வனவிலங்குப் பூங்காவின் மெமோரியல் வாசலும் அதே பக்கம்தான். கிராமம் முடிந்து அந்த வாசல் வழியாக உள்ளே போய் இரண்டு மணி நேரம் சுற்றலாம். மூடிய வேன் போதும், பூங்காவுக்குள் சொந்தக் காரில்கூடப் போகிறார்கள். குலுக்கலுக்குப் பயந்து யாரையும் விட்டுப் போக வேண்டியதில்லை.

உங்கள் கணவர் முகம் சுளிப்பார். நடுப்பகலில் சிங்கம் நிழலில் படுத்துவிடும் என்பார், அது உண்மை. காண்டாமிருகம் அவ்வளவு பிகு பண்ணாது. வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு அவர் இத்தனை மல்லுக்கட்டுவதிலும் நியாயம் உண்டு. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களில் ஒன்று அந்தப் பூங்கா, 1895-இல் அறிவித்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தில் நூறு உருப்படிகூட மிஞ்சவில்லை, மிஞ்சியவையும் இந்த ஒரு மூலையில்தான். 1960-களில் வனக் காப்பாளர் இயன் பிளேயரும் அவர் குழுவினரும் அவற்றை மயக்க ஊசி போட்டுப் பிடித்து வேறு காடுகளுக்கு அனுப்பிப் பெருக்கினார்கள். இன்று உலகில் எங்கே தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்த்தாலும் பூர்வீகம் இங்கேதான். இதைப் பையனுக்கு அவர் வண்டியிலேயே சொல்லட்டும், இரண்டு மணி நேரம் தாராளம்.

வெளி வண்டி வேண்டாம். பாதி விலை என்று போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் நிற்கும், நீங்களாகப் பிடித்த வண்டி வழியில் நின்றால் கப்பல் கிளம்பிவிடும். 71 வயது அம்மாவை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் எதற்கு? கிராமமும் பூங்காவும் சேர்ந்த சுற்றுலா கப்பலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கிராமத்தை மட்டும் எடுங்கள். இதில் நான் ஒருபக்கச் சார்பாகத்தான் பேசுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. அது வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அமைத்த கிராமம், நேரம் குறித்து ஆடுவார்கள். இன்றைய ஜூலுக்கள் டவுனில் பஸ் பிடித்து ஆபீஸ் போகிறவர்கள், போனில் பேசிக்கொண்டே கடைக்குப் போகிறவர்கள். ‘காட்டுவாசி’ என்ற வார்த்தை உங்கள் மகள் வாயில் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

குடில் வாசல் மிகத் தாழ்வு, நன்றாகக் குனிந்துதான் நுழைய வேண்டும். அத்தைக்கு முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் வாசலிலேயே உட்கார ஏதாவது போடச் சொல்லுங்கள். உள்ளே போய்ப் பார்த்து வந்து சொல்ல அவருடைய பிள்ளை இருக்கிறார். மெழுகிய தரையைத் தொட்டுப் பார்த்து, “நம்ம வீட்டு மாதிரிதாம்மா இருக்கு, ஆனா இன்னும் வழவழன்னு இருக்கு” என்று அவர் வந்து சொல்லட்டும்.