மேய்ச்சல் நிலம் சுருங்கினால் மாடுகளுக்கு என்ன வழி?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் இரண்டு ஏக்கரில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறேன். ஆறு கலப்பினப் பசுக்கள் உள்ளன. அவை மேயும் புறம்போக்கில் சீகை (வாட்டில்) மரம் மண்டிப் புல் அருகிவிட்டது. சரணாலயப் பகுதிக்குள் ஓட்டவும் அனுமதியில்லை. கோ-4 தீவனப் புல்லும், நீரில் மிதந்து வளரும் அசோலாவும் வளர்த்தாலே போதும் என்கிறார் சமவெளியிலுள்ள என் உறவினர். சரிதானா?
— வாசகர், மன்னவனூர்

பதில்: உறவினர் சொல்வது அவருடைய ஊருக்குப் பொருந்தும். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல் வகைகள் வெப்பத்தில் தழைப்பவை. உங்கள் குளிரில் மந்தமாக வளர்ந்து, உறைபனியில் கருகிவிடும். அசோலாவுக்கும் அதே கதிதான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்களில் காப்பித் தோட்டத்துக் கல்யாண முருங்கைத் தழை கைகொடுக்கும். உங்களுக்கு அதுவும் இல்லை.

மேல்மலைக்கு ஏற்றவை கிக்கியு புல்லும் தீவன ஓட்ஸும். கிக்கியுவை வரப்பு, சரிவு, ஓடைக்கரை ஆகிய இடங்களில் மட்டும் நடுங்கள். பாத்திக்குள் வேரோடினால் எடுப்பது பெரும்பாடு. யூரியாவை அளவுக்கு மீறி இட்டால் புல்லில் நைட்ரேட் சேர்ந்து மாட்டுக்கு நஞ்சாகும் என்பதால், தொழுவுரமே நல்லது. உருளைக்கிழங்கு எடுத்த நிலத்தில் ஓட்ஸ் விதைப்பதில் இரட்டைப் பயன் உண்டு: தீவனம் கிடைப்பதோடு, கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவுக்கு ஓட்ஸ் வேரில் உணவு கிடைக்காததால் அதன் பெருக்கமும் குறையும்.

பனிக்காலத்தில் கிக்கியுவும் கருகும். மூடுபனியில் புல்லை உலர்த்திச் சேமிப்பது எளிதன்று. ஆகவே பூக்கும் பருவத்து ஓட்ஸை அறுத்து, அரை நாள் வாடவிட்டு, சிறு துண்டுகளாக நறுக்கி, பிளாஸ்டிக் பீப்பாயில் காற்றுப் புகாதபடி மிதித்து அடைத்து மூடிவிட்டால், ஒன்றரை மாதத்தில் ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) தயாராகிவிடும். முட்டைக்கோஸ் இலையைக் கொஞ்சமாகவே கொடுங்கள். மிகுந்தால் வயிறு உப்பும், பாலும் வாடையடிக்கும். மருந்து தெளித்த தோட்டத்துக் கழிவு வேண்டவே வேண்டாம்.

இனி, நீங்கள் கேட்காததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கறவைப் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோ பசுந்தீவனம் தேவை. ஆறு பசுக்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 55 டன் ஆகும். ஒரு சென்ட் புல்லை அறுத்து எடை போட்டு, ஆண்டில் எத்தனை அறுவடை கிடைக்கும் என்று பெருக்கிப் பார்த்தால், உங்கள் நிலம் எத்தனை மாடுகளைத் தாங்கும் என்பது தெரிந்துவிடும். பூண்டையும் விடாமல் ஆறையும் வைத்துக்கொள்வது கடினம் என்றே கருதுகிறேன். பால் குறைந்தவற்றையும் சினை பிடிக்காதவற்றையும் கழித்து, மூன்று நல்ல பசுக்களை வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

அவற்றை நாள் முழுவதும் கட்டிப்போட வேண்டாம். சொந்த நிலத்தில் ஓரிரு மணி நேரம் உலவவிட்டால் குளம்பு கெடாது. காட்டுமாடுகள் வந்துபோகும் பகுதி என்பதால், கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போட்டுவிடுங்கள்.