எம்.பி. அரசுச் செலவைத் தட்டிக் கேட்கிறாரா என்று எதை வைத்துச் சொல்வது?

கேள்வி: "எங்கள் எம்.பி.க்கு 90 சதவீத வருகை, முந்நூறுக்கும் மேல் கேள்விகள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. இவர் அரசுச் செலவை உண்மையிலேயே கேள்வி கேட்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

அந்தப் படத்தை மட்டும் வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. எண்கள் சரியாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்பதற்கு அவற்றில் பதில் இல்லை. வருகை என்பது அன்றைக்கு வந்து பதிவு செய்தார் என்பதற்கான சான்று மட்டுமே. அமைச்சர்கள் பதிவு செய்யத் தேவையே இல்லை, அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள். அதனால் அமைச்சராக இருப்பவரின் வருகையையும் கேள்வி எண்ணிக்கையையும் மற்றவர்களோடு ஒப்பிட்டுத் திட்டுவதில் அர்த்தம் கிடையாது.

இத்தகைய படங்களில் வரும் "விவாதங்களில் பங்கேற்பு" என்ற எண்ணில்தான் ஏமாற்றம் அதிகம். பட்ஜெட் மீது பத்து நிமிடம் பேசினாலும் ஒன்று, பூஜ்ஜிய நேரத்தில் (அவசரப் பிரச்சினைகளைச் சுருக்கமாக எழுப்பும் நேரம்) ரயில் நிறுத்தம் கேட்டு ஒரு நிமிடம் பேசினாலும் ஒன்று, பொதுப் பிரச்சினைகளை எழுப்ப உதவும் மக்களவையின் 377-ஆவது விதியின்கீழ் எழுதிக் கொடுத்தாலும் ஒன்று. ரயில் நிறுத்தம் கேட்பது தவறு என்று சொல்லவில்லை, தொகுதிக்காரர்களுக்கு அதுவும் வேண்டும். ஆனால் அது செலவுக் கண்காணிப்பு ஆகாது. அவைக் குறிப்பைத் திறந்து அவர் பேச்சின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்குறிப்பில் "பேச்சு அவையில் வைக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் இருந்தால், அவர் எழுந்து பேசவில்லை, எழுதியதைக் கொடுத்திருக்கிறார். பட்ஜெட் விவாதத்தில் நேரம் போதாதபோது இதற்கு அனுமதி கிடைக்கும். தமிழில் பேசியிருந்தாலும் ஒரு நட்சத்திரக் குறி வரும், அது ஆங்கில மொழிபெயர்ப்பு என்பதற்கான குறிப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்விகளின் எண்ணிக்கையும் இப்படித்தான். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியவை) 20, குறியிடாதவை (எழுத்துமூலப் பதில் மட்டும்) 230. எது பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டால் பெயர்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கிவிடுவார்கள், ஆனால் எல்லார் கணக்கிலும் ஒன்று கூடும். 20-இல் பல நாட்களில் ஏழெட்டுக்கு மேல் அவையில் எடுக்கவே நேரம் இருக்காது. மீதிக்கு எழுத்துமூலப் பதிலோடு சரி.

ஆகவே எத்தனை கேட்டார் என்பதை விட்டுவிட்டு, எப்படிக் கேட்டார் என்று பாருங்கள். நாடாளுமன்றத்தின் சன்சத் (sansad.in) இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டால் கேள்வியும் பதிலும் பி.டி.எஃப். கோப்பாக வரும். "இத்திட்டத்தைச் செயல்படுத்த அரசு நடவடிக்கை எடுத்துள்ளதா? ஆம் எனில், அதன் விவரங்கள் என்ன?" என்று இருந்தால், அமைச்சகம் திட்டத்தின் விளம்பரக் குறிப்பை அப்படியே பதிலாக ஒட்டிவிடும். விவரம் தெரிந்தவர் வேறு மாதிரி கேட்பார்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் மாநிலவாரியாக ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, பயன்பாட்டுச் சான்றிதழ் (பணத்தை உரிய வேலைக்குச் செலவழித்தோம் என்ற சான்று) வராமல் நிற்கும் தொகை எவ்வளவு, எத்தனை நாளாக நிற்கிறது. ஒதுக்கியது, விடுவித்தது, செலவானது என்ற மூன்றையும் பிரித்துக் கேட்டாலே அந்த எம்.பி.க்கு விஷயம் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். பதிலில் பெரும்பாலும் ஒதுக்கீட்டை மட்டும் கொட்டை எழுத்தில் காட்டுவார்கள். செலவு அதைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் அது வெறும் சமாளிப்போடு முடிவதில்லை. நாடாளுமன்ற முறையில் அது ஓர் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அரசு உறுதிமொழிக் குழு அதைக் கண்காணிக்கிறது. உங்கள் எம்.பி. அடுத்த கூட்டத்தொடரில் அதையே திரும்பக் கேட்டாரா என்று தேடுங்கள். கேட்டிருந்தால் ஆள் சுறுசுறுப்பு.

அடுத்தது மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு அமைச்சகமும் தன் செலவுக்கு மக்களவையிடம் கேட்கும் ஒப்புதல். பட்ஜெட் ஆவணத்தில் ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கும் நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும். 2025-26 ஆவணம் என்றால் 2023-24 உண்மைச் செலவு, 2024-25 பட்ஜெட் மதிப்பீடு, 2024-25 திருத்திய மதிப்பீடு, 2025-26 பட்ஜெட் மதிப்பீடு. செய்திகளில் வருவது கடைசிப் பத்தி. கவனிக்க வேண்டியவை நடுவில் உள்ள இரண்டும். உதாரணத்துக்கு, ஒரு திட்டத்துக்குப் போன வருடம் 100 கோடி என்று அறிவித்து, திருத்திய மதிப்பீட்டில் 60 கோடியாக இறக்கி, இந்த வருடம் 90 கோடி கொடுத்தால், "50 சதவீத உயர்வு" என்று சொல்லிக்கொள்ளலாம். அறிவித்த தொகையோடு ஒப்பிட்டால் அது குறைவு. இதைப் பிடித்துப் பேசும் எம்.பி. உங்களுக்கு இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுத் தீர்மானம் (மானியக் கோரிக்கைத் தொகையைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம்) கொடுத்தாரா என்றும் பாருங்கள். கொள்கையையே எதிர்த்தால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வார்கள். சிக்கனம் கோரினால் குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்வார்கள். ஒரு குறையைச் சுட்டிக்காட்ட மட்டும் 100 ரூபாய் குறைப்பு. இவை நிறைவேறுவதில்லை, ஆனால் என்ன குறை என்று எழுத்தில் பதிவாகும். மாநிலங்களவை உறுப்பினரிடம் இதை எதிர்பார்க்காதீர்கள். அங்கே மானியக் கோரிக்கை மீது வாக்கெடுப்பே இல்லை, விவாதம் மட்டும்தான்.

விவாதத்துக்கு வருவது சில அமைச்சகங்களின் கோரிக்கைகள்தான். மீதியை எல்லாம் கடைசி நாளில் ஒன்றாகக் கட்டி விவாதமின்றி நிறைவேற்றுவார்கள், அதற்குப் பெயர் கில்லட்டின். 2018-இலும் 2023-இலும் அமளிக்கு நடுவே எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் அப்படியே போயின. அந்த ஆண்டுகளில் "மானியக் கோரிக்கையில் பேசவில்லை" என்று தனி ஒருவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

உண்மையான வேலை நடப்பது குழுக்களில். துறைவாரி நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் அமைச்சகச் செயலாளர்களை நேரில் கூப்பிட்டுக் கேட்பார்கள். கூட்டம் மூடிய அறையில் நடக்கும், நேரலை கிடையாது. ஆனால் அறிக்கையின் பின்னிணைப்பில் கூட்டக் குறிப்பு இருக்கும். யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல் அதில் வரும். அவை வருகையைவிட இந்த வருகையைத்தான் நான் மதிப்பேன். யார் என்ன கேட்டார் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்திருந்தால் அது பெயரோடு அறிக்கையில் சேரும்.

பொதுக் கணக்குக் குழு இதற்கு அடுத்த கட்டம். 22 பேர், மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. 1967 முதல் தலைவர் பதவி எதிர்க்கட்சிக்கு. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கைகளை எடுத்து, நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம் அதற்காகத்தான் செலவானதா என்று இக்குழு பார்க்கும். பரிந்துரைகளுக்கு அமைச்சகம் ஆறு மாதத்தில் நடவடிக்கை விவரம் கொடுக்க வேண்டும். அதன்பின் வரும் நடவடிக்கை அறிக்கையில் நேராக 4-ஆம் அத்தியாயத்துக்குப் போங்கள். அமைச்சகம் சொன்ன பதிலைக் குழு ஏற்காமல் திருப்பி அனுப்பியவை அங்கேதான் இருக்கும். 5-ஆம் அத்தியாயத்தில் இடைக்காலப் பதிலோடு இழுத்தடிக்கப்படுபவை. இந்த இரண்டில் உள்ள ஒரு விஷயத்தை உங்கள் எம்.பி. அவையில் கேள்வியாகவோ பேச்சாகவோ எழுப்பியிருந்தால், அதுதான் செலவுக் கண்காணிப்பு.

இங்கே ஓர் ஆதங்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் குழு அறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகின்றன. தமிழ்நாட்டுப் பணம் எங்கே தேங்கி நிற்கிறது என்பதைத் தமிழில் படிக்க வழியில்லை. நம் ஊடகங்களும் வெளிநடப்புக்குக் கொடுக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இவற்றுக்குக் கொடுப்பதில்லை. பிறகு மக்கள் வாட்ஸ்அப் படத்தை நம்பாமல் என்ன செய்வார்கள்?

"கொறடா உத்தரவு (இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளை) இருக்கும்போது ஆளுங்கட்சி எம்.பி. என்ன கேட்டுவிட முடியும்?" என்று சிலர் வருவார்கள். கொறடா கட்டுப்படுத்துவது வாக்கைத்தான், கேள்வியை அல்ல. 1957-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.25 கோடி ரூபாய் போட்டதை மக்களவையில் அம்பலப்படுத்திய ஃபெரோஸ் காந்தி ஆளுங்கட்சியான காங்கிரஸ்காரர்தான். அது சாக்ளா விசாரணை ஆணையம் வரை போய், 1958-இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-இல் வந்தது, அதற்குப் பின் நெருக்கடி கூடியது உண்மை. இருந்தாலும் குழுவில் கேட்பதற்கும், எழுத்துமூலக் கேள்வி அனுப்புவதற்கும் இன்றைக்கும் தடை இல்லை. எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், அதைச் செலவழித்தாரா என்பது தனிக் கணக்கு. அதில் எம்.பி. பரிந்துரைக்கிறார், ஒப்புதல் தருவது மாவட்ட நிர்வாகம். அதையும் செலவுக் கண்காணிப்பையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

அவரைக் கேட்க வைக்க வேண்டுமென்றால், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனு கொடுத்துப் பயனில்லை. கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்தொடர் தேதி அறிவித்தவுடன் அவர் அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். எந்த அமைச்சகம், திட்டத்தின் சரியான பெயர், எந்த நிதியாண்டுகள், எந்த மாவட்டம் என்று அதில் இருக்கட்டும். கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது, அதனால் ஒரு கடிதத்தில் ஒரே திட்டம். மாநில அரசின் பொறுப்பில் உள்ள விஷயமாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். அப்போது மத்திய அரசு அதற்குக் கொடுத்த நிதியைப் பற்றிக் கேட்கும்படி மாற்றி எழுதிக் கொடுங்கள்.