ரத்தம் தானாக நின்றுவிட்டது. இன்னும் டாக்டரிடம் போக வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. திருப்பூரில் சாயப்பட்டறையில் 1986 முதல் 30 வருடம் வேலை பார்த்தவர். தினமும் ஒரு கட்டு பீடி பிடிப்பார். போன மாதம் திடீரென்று சிறுநீர் ரத்தமாகப் போனது. வலி, எரிச்சல் எதுவும் இல்லை. ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்தோம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. வயிற்று ஸ்கேனும் நார்மல் என்றார்கள். ஆனால் பக்கத்து வீட்டில் ஒருவருக்கு இப்படித்தான் ஆரம்பித்துச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று தெரிந்ததாம். இன்னும் டாக்டரைப் பார்க்க வேண்டுமா? என் தம்பியும் இப்போது டையிங்கில்தான் வேலை செய்கிறான். அவனுக்கு வராமல் தடுக்க முடியுமா?

பதில்: பார்க்க வேண்டும். இந்த வாரமே, சிறுநீரகவியல் அறுவை நிபுணரிடம், அதாவது யூராலஜிஸ்ட்டிடம் போங்கள்.

ரத்தத்தை இளநீர் நிறுத்தவில்லை. அது தானாக நின்றது. சிறுநீர்ப்பைக்குள் கட்டி இருந்தால் அதன் குணமே இதுதான். இரண்டு நாள் கசியும், பிறகு மாதக்கணக்கில் சத்தமே இருக்காது. அந்த நேரம் பார்த்து எதைக் கொடுத்திருந்தாலும் நல்ல பெயர் அதற்குப் போய்விடும். “போன வருஷமே ஒரு தடவை வந்துச்சு டாக்டர், கைவைத்தியத்துல சரியாயிடுச்சு” என்று பேச்சைத் தொடங்கும் நோயாளிகளை அடிக்கடி பார்க்கிறேன். அந்த ஒரு வருடத்தைத் திரும்ப வாங்கித் தர யாராலும் முடியாது.

வலி இல்லை என்று நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவதே அதுதான். கல் என்றால் விலாவில் பிடித்து ஆளைச் சுருட்டிவிடும். நீர்க்கடுப்பு என்றால் சொட்டுச் சொட்டாக எரிந்து போகும். வலியே இல்லாமல் கண்ணுக்குத் தெரிய ரத்தம் போனால், அது எங்கிருந்து வந்தது என்று தேடியே ஆக வேண்டும். அதற்காக இது புற்றுநோய்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதில்லை. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்திலும் ரத்தம் வரும். பீட்ரூட் சாப்பிட்டாலோ காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை எடுத்தாலோ சிறுநீர் சிவக்கும், அது ரத்தமே இல்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்கு வயது, பீடி, சாயம் என மூன்றும் சேர்ந்து நிற்கின்றன.

ஸ்கேன் நார்மல் என்றால் போதாதா? போதாது. அல்ட்ராசவுண்டில் சிறிய கட்டிகள் தப்பிவிடும். சுவரோடு ஒட்டிப் படர்ந்திருப்பவை தெரியவே தெரியாது. ரத்தம் நின்றபின் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருந்தாலும் அர்த்தமில்லை. உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பிதான் இதற்குத் தீர்ப்புச் சொல்லும். மரத்துப்போக ஜெல் தடவி, சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாயை விடுவார்கள். சில நிமிட வேலை. ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும், அவ்வளவே. கூடவே சிறுநீரகத்தையும் குழாய்களையும் பார்க்க சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். ஆண்கள் இந்தச் சோதனைக்குக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுவது வழக்கம். நீங்கள்தான் அழைத்துப்போக வேண்டும். பெண்களுக்கோ வேறு சிக்கல். ரத்தத்தை மாதவிடாய்க் கணக்கிலோ கிருமித்தொற்றுக் கணக்கிலோ சேர்த்து, மாத்திரைக்கு மேல் மாத்திரை கொடுத்து மாதங்களை ஓட்டிவிடுகிறோம். இதில் எங்கள் தரப்புத் தவறும் உண்டு.

சாயத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு பழையது. 1895-இல் ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட் நகரில் லூட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், மெஜந்தா சாயம் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்துச் சொன்னார். பென்சிடின், நாஃப்தைலமைன் போன்ற, அமின்கள் எனப்படும் வேதிப்பொருள்களே குற்றவாளிகள் என்று பின்னாளில் உறுதியானது. இவை மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ரத்தத்தில் கலக்கும். கல்லீரல் உருமாற்றும், சிறுநீரகம் வடித்து அனுப்பும். கடைசியில் சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும். வழியில் உள்ள உறுப்புகளைவிட, தேக்கிவைக்கும் பைக்கு அடி அதிகம். பீடி, சிகரெட் புகையிலும் இதே வகை அமின்கள் உண்டு. ‘புகை நுரையீரலுக்குத்தானே’ என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பென்சிடின் கொண்டு செய்த சாயங்கள் 1990-களில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. அப்பா வேலைக்குச் சேர்ந்தது அதற்கு முன்பு. பட்ட நஞ்சு கட்டியாக வெளிவர 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். வேலையை விட்டுப் பல காலம் ஆகிவிட்டது என்பதால் கணக்கு முடிந்துவிடாது.

உங்கள் தம்பியின் நிலை வேறு. இப்போது பருத்திக்கு ஓடுவது பெரும்பாலும் இழையோடு வேதியாக இணையும் ரியாக்டிவ் சாயங்கள். பழைய ஆபத்தை அப்படியே அவர் தலையில் ஏற்ற வேண்டாம். ஆனாலும் சாயப் பொடியை எடைபோட்டுக் கரைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். தூசு பறப்பது அங்கேதான். கைக்குட்டை கட்டினால் தூசு நிற்காது. தூசு தடுக்கும் முகமூடியும் கையுறையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கையில் பிடித்த சாயத்தை எடுக்க ப்ளீச்சிங் பவுடரோ, சாயத்தை வெளுக்கும் ஹைட்ரோஸ் பொடியோ போட்டுத் தேய்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அதை விடச் சொல்லுங்கள். புண்ணான தோல் வழியே எதுவும் எளிதாக உள்ளே போகும். சோப்பு போதும். அதே கையோடு டீ, வடை வேண்டாம். பெயர் ஒட்டாத டப்பாவில் மலிவாக வரும் பொடியைத் தொடுவதற்கு முன் அது என்ன என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

இத்தனைக்கும் மேலே, தம்பியும் புகைப்பவர் என்றால் முதலில் விட வேண்டியது அதுதான். முகமூடி போட்டு வேலை செய்துவிட்டு வெளியே வந்து பீடி பற்றவைப்பதில் என்ன லாபம்? நிறுத்தினால் ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு இறங்கும், ஒரேயடியாக மறையாது. அப்பாவுக்கும் இது பொருந்தும். ‘இனிமேல் விட்டு என்ன’ என்பார். கட்டி இருந்து, அதை எடுத்தபின்னும் புகைப்பவர்களுக்கு அது திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். தண்ணீர் நிறையக் குடித்தால் வராது என்று உறுதி சொல்ல மாட்டேன். குடிப்பது நல்லது, அடக்கிவைக்காமல் போவதும் நல்லது, அவ்வளவுதான்.

ஒருவேளை கட்டி இருந்தால்? நான்கில் மூன்று பேருக்கு அது உள்சவ்வோடு நிற்கும்போதே கண்டுபிடிக்கப்படுகிறது. வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம். பலருக்கு அதன்பின் சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. மருந்து விடுவோம், வாரம் ஒன்றாக ஆறு வாரம், பிறகு விட்டுவிட்டு. குழந்தைக்கு இடது தோளில் போடும், சென்னை கிண்டி ஆய்வகத்தில் 1948 முதல் தயாரித்துவந்த அதே தடுப்பூசியின் கிருமிதான். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டியின் பக்கம் திருப்பிவிடுகிறது. இந்தக் கட்டி திரும்ப முளைக்கும் சுபாவம் கொண்டது என்பதால், ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா விட்டுப் பார்ப்பதைத் தவறவிடக் கூடாது. தசைக்குள் இறங்கியிருந்தால் பெரும்பாலும் பையையே எடுத்துவிட்டு, குடலின் ஒரு துண்டைக் கொண்டு மாற்றுவழி அமைக்க வேண்டிவரும். சிலருக்குக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்துப் பையைக் காப்பாற்றலாம்.

போகும்போது பழைய ஸ்கேன் படத்தையும், அப்பா சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க இதய மாத்திரை எடுப்பவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரைதான் காரணம் என்று சோதனையைத் தவிர்க்கவும் வேண்டாம். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, பட்டறையில் என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, அதைக் கேஸ் ஷீட்டில் பதியச் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்துவிடும் விஷயம் அது.