முதல் சீசன் சுமார், மூன்றாவது சீசன் பிரமாதம்: அறிவியல் புனைவுத் தொடர்களில் இது எப்படி நடக்கிறது?

தடுமாறித் தொடங்கும் அறிவியல் புனைவுத் தொடர்கள் போகப் போக எப்படிக் களைகட்டுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பட்ஜெட், கிராபிக்ஸ் என்று பலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதெல்லாம் இரண்டாம்பட்சம். போன வாரம் நடந்ததை இந்த வாரக் கதை மறக்காமல் வைத்திருக்கும்போதுதான் ஒரு தொடர் வளர்கிறது.

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1987-இல் வந்தது. முதல் இரண்டு சீசன்களை இன்று பார்க்கப் பொறுமை வேண்டும். எதிர்கால மனிதர்கள் தங்களுக்குள் சண்டை போட மாட்டார்கள் என்பது அதை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் விதி. உயர்ந்த லட்சியம்தான், ஆனால் மோதலே இல்லாமல் கதையை எங்கிருந்து எடுப்பது? 1989-இல் மைக்கேல் பில்லர் எழுத்துக் குழுவுக்குத் தலைமை ஏற்றதும், விண்கப்பலில் இருக்கும் ஆட்களின் மனசுக்குள் கதை தேட ஆரம்பித்தார்கள். வெளியாட்கள் அனுப்பும் ஸ்கிரிப்டுகளையும் படித்தார்கள். ரொனால்ட் டி. மூர் அப்படி உள்ளே வந்தவர்.

1990-இல் அந்த விண்கப்பலின் கேப்டன் பிக்கார்டை போர்க் என்ற இயந்திரக் கூட்டம் பிடித்துக்கொண்டு போய்த் தங்களில் ஒருவராக மாற்றிவிடுகிறது. ஒருவழியாக மீட்டுவிடுகிறார்கள். பழைய வழக்கப்படி அடுத்த வாரம் அவர் எதுவுமே நடக்காதது போல நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் மூர் எழுதிய 'ஃபேமிலி' எபிசோடில் பிரான்சில் உள்ள பூர்வீக வீட்டுக்குப் போகிறார். திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் அண்ணனோடு கட்டிப் புரள்கிறார், சிரிக்கிறார், சிரித்தபடியே உடைந்து அழுகிறார், போர்க் கூட்டத்தைத் தடுக்க முடியவில்லையே என்று. அந்தத் தொடரிலேயே என்னை மிகவும் உலுக்கிய காட்சி அது.

இதே மூர்தான் பிற்பாடு 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வைப் புதிதாக உருவாக்கினார். அதில் மனித இனமே அழிக்கப்பட்ட தாக்குதலில் உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கையை அதிபர் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருப்பார். ஆட்கள் சாகச் சாக எண் குறையும். முதல் சீசனின் முதல் எபிசோடு முடியும்போது ஒரு குழந்தை பிறக்கிறது. எண்ணில் ஒன்று கூடுகிறது. இந்தத் தொடர் எதையும் மறக்காது என்று அந்தப் பலகையே சொல்லிவிடும்.

முன்பெல்லாம் இப்படிக் கதையை நினைவில் வைத்துத் தொடர வழி இல்லை. மறுஒளிபரப்பில் எந்த வரிசையில் போட்டாலும் புரிய வேண்டும் என்பது சேனல்களின் கணக்கு.

அப்புறம், எதிர்பாராத நெருக்கடிகளும் ஒரு தொடரை மாற்றிவிடும். 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' இரண்டாவது சீசன் நேரத்தில் நாயகி கில்லியன் ஆண்டர்சன் கர்ப்பமாக இருந்தார். அவர் நடிக்க முடியாத நேரத்தைச் சமாளிக்க, அவருடைய பாத்திரமான ஸ்கல்லி கடத்தப்படுவதாக எழுதினார்கள். தொடரின் முதுகெலும்பாக நின்றதே அந்தக் கடத்தல்தான்.

முன்கூட்டியே திட்டமிட்டவர்களுக்கும் இது நேர்ந்தது. 'பாபிலோன் 5' தொடரை ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி ஐந்து சீசன் கதையாகவே யோசித்து வைத்திருந்தார். முதல் சீசன் முடிந்ததும் நாயகனே மாற வேண்டி வந்தது. நான்காவதோடு நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் முக்கியக் கதைகளை அதற்குள்ளேயே முடித்தார். ஐந்தாவதுக்கு அனுமதி அதன் பிறகுதான் வந்தது. நான்காவது சீசனின் பாய்ச்சலுக்கும் ஐந்தாவதன் தொய்வுக்கும் அதுதான் காரணம்.