அக்காகிட்ட கேளுங்க: கடையில நான் ஒருத்திதான் வேலை பாக்கணுமா?

கேள்வி: அக்கா, கீழக்கரையில ஒரு சூப்பர் மார்க்கெட்ல பில் போடுறேன். பில்லோட போனா பரவால்ல, ராக் அடுக்குறது, டேட் பாக்குறதுன்னு எல்லாம் என் தலையிலதான் விடியுது. கூட இருக்குற தம்பி ஒருத்தன் குடோனுக்கு சாமான் எடுக்கப் போனா ரீல்ஸ் பாத்து முடிச்சிட்டுதான் வருவான். இன்னொரு அக்கா மேனேஜருக்கு சொந்தம், கூட்டம் வந்தா பாத்ரூம் போயிருவாங்க, கூட்டம் இல்லன்னா அட்டைப்பெட்டி மேல உக்காந்துருவாங்க. நோன்பு மாசம் அஸர் தொழுகைக்கு (சாயங்காலத் தொழுகை) அப்புறம் கடை எப்படி இருக்கும்னு தெரியும்ல, அப்பவும் இதே கதைதான். அடுத்தவங்க வேலையையும் முடிச்சிட்டு நான் வீட்டுக்குப் போக ராத்திரி லேட்டாகுது. போன வாரம் ஒரு லாத்தா (எங்க ஊர்ல அக்காவை அப்படித்தான் சொல்லுவோம்) தேதி முடிஞ்ச தயிரைக் கவுண்டர்ல வச்சு என்னைத் திட்டிட்டுப் போனாங்க, அந்த ஃபிரிட்ஜ் என் பொறுப்பே இல்ல. சம்பளம் எல்லாருக்கும் ஒண்ணுதான். முதலாளி காக்காகிட்ட (எங்க ஊர்ல அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்லவா, வேலைய விடவா?
பேர் வேண்டாம், கீழக்கரை

பதில்: விடுறத அப்புறம் பாப்போம்மா. ஃபிரிட்ஜ் உங்க பொறுப்பு இல்ல, சரி, அப்ப யாரு பொறுப்பு? நீங்க அத எழுதவே இல்ல. எனக்கென்னமோ உங்க கடையில அதுக்கு ஆளே போடலன்னு தோணுது. எல்லாரும் சேந்து பாத்துக்கங்கன்னு விட்ட கடையில மனசு கேக்காதவ ஒருத்திதான் மாட்டுவா. அந்தத் தம்பி பண்றது தப்புதான், ஆனா அவன் வர்ற வரைக்கும் ராக் காலியா கெடந்திருந்தா காக்கா கண்ணுல பட்டிருக்கும், நீங்க ஓடிப்போய் அடுக்கிட்டீங்க, அவரு கடை ஜோரா ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டு தொழுகப் போயிருப்பாரு.

அதனால மொதல்ல அத நிறுத்துங்க. சண்டை போட்டு இல்ல. காலையில கடை திறந்ததும் எல்லாரும் நிக்கும்போதே மேனேஜர்கிட்ட, அண்ணே பால் ஃபிரிட்ஜ் இன்னைக்கு யாரு, பிஸ்கட் யாருன்னு சத்தமா கேளுங்க. ஒரு நோட்டுல எழுதி ஃபிரிட்ஜ் பக்கத்துலயே தொங்க விடுங்க, தேதி பாத்தவங்க கையெழுத்துப் போடணும், புதுசு பின்னாடி பழசு முன்னாடி. நம்ம கரைப் பக்கம் இது ரொம்ப முக்கியம், உப்புக்காத்துல டின் துருப்பிடிக்குது, பாக்கெட் லேசா பிரிஞ்சாலே பிஸ்கட் நமுத்துப் போகுது, மதுரையில தாங்குற சரக்கு இங்க தாங்காது.

காக்காகிட்ட போங்க, ஆனா ஆள் பேரைத் தூக்கிட்டுப் போகாதீங்க. மேனேஜர் சொந்தக்காரின்னு வாயத் தொறந்தீங்கன்னா பேச்சு சொந்தபந்தத்துக்குப் போயிரும், கடைசியில உங்களுக்குப் பொறாமைன்னு முடிச்சிருவாங்க. தேதி முடிஞ்ச சரக்கை எல்லாம் ஒரு கூடையில போட்டு, விலையைக் கூட்டி ஒரு துண்டுச்சீட்டுல எழுதி, கூடையைக் கொண்டுபோய் முன்னாடி வைங்க. தேதி முடிஞ்ச சாப்பாட்டுச் சாமானை விக்கவே கூடாது, உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து பாத்தா மாட்டப்போறது கடை லைசென்ஸ்தான், அது காக்காவுக்கு உங்களவிட நல்லாவே தெரியும். முதலாளிங்களுக்கு யாரு சோம்பேறிங்குறதவிட எவ்வளவு நட்டம்ங்குறது சட்டுனு உறைக்கும்.

அப்புறம் ஒண்ணு, கோவப்படாதீங்க. அந்த அக்கா உக்காந்திருக்குறத குத்தப் பட்டியல்ல சேத்துருக்கீங்கல்ல, அத எடுத்துருங்க. துணிக்கடை, நகைக்கடைன்னு நாள் பூரா நின்னு காலு வீங்கிப் போன பொம்பளைங்களுக்காகத்தான் கேரளாவுல 2018லயும் நம்ம தமிழ்நாட்டுல 2021லயும் கடைச் சட்டத்தைத் திருத்துனாங்க, வேலை பாக்குறவங்களுக்கு உக்கார இடம் குடுத்தே ஆகணும். அட்டைப்பெட்டி இல்ல, ஒழுங்கான ஸ்டூல், உங்க பில் கவுண்டர்லயும் சேத்துத்தான். நோட்டு பேச்சை எடுக்குறப்பவே இதையும் கேளுங்க, அந்த அக்காவே உங்க பக்கம் வந்தாலும் வரும். பாத்ரூம் போறதையும் கணக்கு பாக்காதீங்க, அடக்கி அடக்கி யூரின் இன்ஃபெக்‌ஷன் வாங்குன சேல்ஸ் பொண்ணுங்க எத்தனை பேரு. ஆனா கூட்டத்துல கவுண்டர்ல ஆள் கொறஞ்சா யாரு வந்து நிக்கணும்ங்குறத மட்டும் அந்த நோட்டுலயே எழுதிக்கங்க.

லேட்டா போறத பத்தி. 1947ஆம் வருஷத்து தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதுக்கு மேல பாத்தா ரெட்டைச் சம்பளம். அடுத்தவன் வேலையை நீங்க ஓசியில பாத்துக் குடுத்திருக்கீங்க தாயி. ஓவர்டைம் போட்டுத் தருவீங்களான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க, மறுநாளே அந்தத் தம்பியைக் குடோன்ல போய்த் தேடுவாங்க.

இத்தனையும் பண்ணி ரெண்டு மாசத்துல ஒண்ணும் மாறலன்னா விட்ருங்க, ஆனா ராமநாதபுரத்துலயோ கீழக்கரையிலயோ வேற கடையில சொல்லி வச்சிட்டு விடுங்க, கோவத்துல விடாதீங்க.

கேள்வி: ஒழுங்கா வேலை பாத்தா கூட இருக்குறவளுக என்னைய ஜால்ராங்குறாளுக. என்ன பண்ண?
தொண்டி வாசகி

பதில்: முதலாளிகிட்ட தனியா நின்னு பேசுறத கொறைங்க. மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு அவங்களோடயே உக்காந்து சாப்பிடுங்க. அதுக்கு மேலயும் சொன்னா சொல்லிட்டுப் போறாங்க, உங்க வேலையைப் பாருங்க.

கேள்வி: ராமேஸ்வரத்துல கோயில் பக்கம் சங்கு, சிப்பி சாமான் கடை வச்சிருக்கேன். மீன்பிடித் தடைக்காலத்துல, போட்ல மீன் பிடிக்கப் போற பசங்களை வேலைக்கு வச்சேன், அரை மனசாதான் நிக்கிறானுக, கஸ்டமர் வந்தாக்கூட எந்திரிக்க மாட்டேங்குறானுக. வேலையில அக்கறையே இல்ல.
கடைக்காரர், ராமேஸ்வரம்

பதில்: அண்ணே, விசைப்படகுக்குத் தடை ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். 15ஆம் தேதி கடலுக்குப் போகப் போறவன் உங்க கடையில பிரமோஷனா எதிர்பாக்கப் போறான்? அக்கறை இல்லாத பசங்களா இருந்தா நடுக்கடல்ல ராத்திரி பூரா வலை இழுக்க முடியுமா, அங்க பிடிச்ச மீன்ல பங்கு உண்டு, இங்க வித்தாலும் விக்காட்டியும் அதே கூலி. வித்ததுல ஒரு சின்ன கமிஷன் வச்சுப் பாருங்க. சங்கு எப்படி எடுக்குறாங்க, எந்த ஆழத்துல கெடக்குதுன்னு வடக்கேயிருந்து வர்ற யாத்திரைக்காரங்க கேட்டா உங்களவிட அவன் நல்லா சொல்லுவான், சைகையிலயாவது சொல்லட்டும், அவனை மூலையில தூசி தட்ட விடாம வாசல்ல நிப்பாட்டுங்க. கூலியை அன்னன்னைக்கே குடுத்துருங்க, வாரக் கடைசின்னு இழுத்தா புதன்கிழமையே காணாமப் போயிருவான்.